மட்டும்

பார்ன்ஸ்லி. பத்தாம் ஆண்டு, மூன்றாம் பிரிவு.
புதன்கிழமை கடைசிப் பாடம்.
ஹீட்டரின் மேல் யாரோ
ஈரக் காலுறையைக் காயப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டடத்தில்
புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலம் பேசுகிற ஒரே ஆள் நான்.
"மிஸ், நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரிப் பேசுறீங்க."
அதைக்கொண்டே நான் வெளியூர்க்காரி என்று
கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடுவார்கள்.

டெமி ஓல்ட்ராய்ட் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.
'ஐ சாட் ஆன் ஸ்டெயர்ஸ்
வைல் மீ டாட் கம் ஹோம்.'

ஒரே வரியில் நாலு வட்டம் போட்டேன்.
படிக்கட்டுக்கு முன் வரவேண்டிய 'த' வரவில்லை.
மீ அல்ல, மை. கம் அல்ல, கேம்.
வைலுக்கு மேலே ஒரு கேள்விக்குறி:
அப்பா வரும்போது படியில் இருந்தாய், சரி,
அப்போது என்ன நடந்தது?

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நௌட், மிஸ்." ஒன்றுமில்லையாம்.
"அவர் வந்தார். நான் படுக்கப் போனேன்."

பின்வரிசை ஜோயல் என்மேல் இரக்கப்பட்டான்.
இங்கே வைல் என்றால் அன்டில், மிஸ்.
சந்தையில் சப்பாத்துத் தைக்கிற கடையில்கூட
எழுதியிருக்கே, ஒன்பது வைல் ஐந்து.

பதினொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
அந்தக் கடையில் இரண்டு தரம் குதி மாற்றியிருக்கிறேன்.

அவளுடைய அப்பாவுக்குக் கிடங்கில் பின்னேர வேலை,
இரவு இரண்டுக்கு முடியும்.
அவ்வளவு நேரத்தையும் நான் சிவப்புப் பேனையால்
அவர் சாவி திருகுகிற ஒரு நொடிக்குள்
மடித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்
சிரிப்பா வெட்கமா தெரியாத ஒன்று தொண்டைக்குள்.

போன வருஷம் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குக் கதை அனுப்பினேன்.
'அவன் வருமட்டும் காத்திருந்தாள்' என்று முடியும்.
எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் காத்திருப்போம்.
அச்சில் வந்தது இப்படி:
'அவன் வரும்போது மட்டும் காத்திருந்தாள்.'
விட்டுப்போன சொல்லைப் போட்டுக்கொடுத்த நிம்மதியில்
அந்த மனிதர் நன்றாகத் தூங்கியிருப்பார்.
என் கதாநாயகியோ
ஆள் வாசலுக்கு வந்த பிறகு
காத்திருக்கத் தொடங்குகிற பெண்ணாகிப் போனாள்.

இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன்.
'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி,
ஒரு ஒற்றுகூட மிகாமல், விடாமல்.
வருமட்டும் என்ற சொல்லுக்காக வழக்காட
வருமட்டும் பேசுகிற தமிழ் போதவில்லை.
வரும்வரை என்பவர்களின் தமிழை
இரவல் வாங்க வேண்டியிருந்தது.

இதைத்தான் வியாழக்கிழமை சொல்ல நினைத்தேன்.
வாய் வரவில்லை.
நாற்பது புள்ளி, அதில் பதினாறு பிழையின்மைக்கு,
அந்தப் பதினாறையும் கையில் வைத்திருப்பவர்
இந்த ஊரை ரயிலில்கூடக் கடந்திருக்க மாட்டார்
என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நான் எழுதினது பிழையா?"
இல்லை.
"பிறகேன் வட்டம்?"

வாசிக்கிற ஆள்
என்னைப் போல ஒருத்தியாக இருக்கலாம், என்றேன்.
பதினொரு வருஷம் இருந்தும் தெரியாதவள்.
அவள் தோளைக் குலுக்கினாள்.
அது சம்மதமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாதிரிப் பரீட்சையில் அன்டில் என்றுதான் எழுதினாள்,
ஆறு இடத்தில்.
ஆறிலும் ஒரு எல் கூட.
புள்ளி குறைத்தேன்.

நாலு மணிக்குக் கொப்பிகளைத் தூக்க வந்தாள்.
பூட்டுமட்டும் நில் என்று மனதுக்குள் சொல்லி,
"வெயிட் வைல் ஐ லாக் த டோர்" என்றேன்.
சாவி இரண்டு தரம் சிக்கியது.
பூட்டும்போதும் நின்றாள், பூட்டும்வரையும் நின்றாள்.
எந்த ஆங்கிலத்தில் நின்றாள் என்று நான் கேட்கவில்லை.