வெற்று மாதிரி

படிவத்தின் நாலாம் கேள்வி:
வீட்டில் மருந்து வைத்திருக்கிறீர்களா?
தயாமதி உள்ளே போய்
பனடோல் அட்டையும் பாணிமருந்துப் போத்தலும் கொண்டுவந்தாள்.
"அதில்லை அக்கா, வயலுக்கு அடிக்கிற மருந்து."
"ஓ, அந்த மருந்தோ."
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில்
சிவப்புப் பட்டியோடு நின்றது அது.
மண்டையோடு கண்டால் விலகி நடக்க
மீளக் குடியேறிய வருசம்
பலகை பலகையாய்ப் படித்தவள்தான்.
இந்த மண்டையோடு சின்னன், பெருவிரல் நகமளவு.
அதோடு, இது காசு குடுத்து வாங்கினது.

உருத்திரபுரம், டி எட்டு வாய்க்கால்.
சிறுபோகம், கதிர் பால்பிடிக்கிற கிழமை.
நான் வந்தது பிள்ளைக்காக:
இலக்கம் நாற்பத்தேழு,
வயது இரண்டும் மூன்று மாதமும்,
பெயர் எழுதக் கூடாது.
(யதுசிகா.)

சீமெந்து நிலத்தில் நாடா ஒட்டி
ஒரு சதுர மீற்றர் அளந்தேன்.
ஈரப் பஞ்சால் துடைத்தேன், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.
"விடுங்கோ தங்கச்சி, நான் கூட்டித் தாறன்."
வீடு ஊத்தை என்று எழுதப்போகிறேனாக்கும் என்று
அவளுக்கு வெட்கம்.

பிறகு ஒரு மணித்தியாலம்
ஒன்றும் செய்யாமல் எண்ண வேண்டும்,
கை எத்தனை தரம் வாய்க்குப் போகிறதென்று.
நிலத்தில் விழுந்த பிஸ்கற், வாய்க்கு.
நுளம்புத்திரிச் சாம்பலில் கோடு கீறிய விரல், வாய்க்கு.
மருந்துப் போத்தல் மூடி நாலு பூட்டிய வண்டி,
அதன் முன்சில்லு, வாய்க்கு.
முப்பத்தொன்று.
பார்க்கிறவள் தலையிட்டால் எண்ணிக்கை பொய்யாகும்
என்று பயிற்சியில் சொன்னவர்கள்.
முப்பத்திரண்டைத் தட்டிவிட்டேன்.
எழுதவில்லை.

"திரி கொளுத்தாட்டி டெங்கு,
கொளுத்தினால் இது எண்டுறியள்.
எதை நூக்கச் சொல்லுறியள்?"
ஆம், இல்லை, தெரியாது:
என்னிடம் மூன்று கட்டம்தான் இருந்தது.

வெயில் சாய, முதுகில் தாங்கியோடு
சிவகரன் படலை திறந்தார்.
பிள்ளை ஓடியது.
அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.
அப்படித் தூக்கிப் பழகிய கைகள்.
"தொடாதை அம்மா, அப்பா குளிச்சிட்டு வாறன்."
அதற்குள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்,
ஈரமாய் இருந்த இடத்தில் கன்னத்தை வைத்து.

வளையம் ஒன்று கட்டினேன், ஊதா நிறம், சிலிக்கன்.
ஏழு நாள் கையில் கிடந்து
வீட்டுக் காற்றைக் குடிக்கும்.
அவளுக்கு அது மணிக்கூடு.
மணி என்ன என்றால் "ஆறு".
காலையிலும் ஆறு, நித்திரைக்குப் போகவும் ஆறு.
ஏழாம் நாள் தர மாட்டேன் என்று அழுதாள்.
நித்திரையில் கழற்றினோம்.

இன்னொரு வளையமும் உண்டு.
அதே வீட்டில் ஒரு நிமிடம் திறந்து
எவர் கையிலும் மாட்டாமல் மூடுவது.
வெற்று மாதிரி என்று அதற்குப் பெயர்.
துப்புரவு என்றால் எவ்வளவு என்று
அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

"மறுமொழி எப்ப வரும்?"
சோதனை எழுதிய பிள்ளையின் தாய்போலக் கேட்டாள்.
வரும் என்றேன்.
பஸ்ஸில் நடத்துனர் ஐஸ்பெட்டியைத் தட்டினார்:
"மீனோ?"
"இல்லை, மூத்திரம்."
"அப்ப பின்னுக்கு வையுங்கோ."

கார்த்திகை மழைக்குள் ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு.
நாற்பத்தேழின் வெற்று மாதிரியிலும் இருக்கிறது,
அதை அனுப்பும்வரை எங்கே வைத்திருந்தீர்கள்?

கிளிநொச்சியில் என் வாடகை அறை.
ஆணியில் பை. ஆணிக்கு நேர் கீழே
தகரத் தட்டில் இரவுத்திரி,
எரிந்தும் உடையாமல்
சுருள் சுருளாய்ச் சாம்பல்.

திரும்ப எடுக்க வேணும் என்றார்.
வயதை இரண்டும் ஏழு மாதமும் என்று திருத்தினேன்.
ஊதா வளையம் கையிருப்பில் இல்லை, பச்சைதான் இருக்கிறது.
அவள் அதை மணிக்கூடென்று ஏற்பாளோ தெரியாது.