ஐம்பத்து நான்கு மீட்டர்

கடலே இல்லாத நாட்டில்
கடலை அளக்கச் செய்த கருவி இது.
கைக்கடிகாரத்துக்குப் பேர்போன கம்பெனி,
பெயரை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.
மாதிரிக்காக மூன்றே மூன்று செய்தார்கள்.
கடைக்கு வரவே இல்லை.
ஒன்று உடைந்தது, ஒன்று தொலைந்தது,
மூன்றாவது ஃப்ரீமேன்டிலில்
பழைய கம்பளிக் கிடங்கொன்றில்
என் மேசை விளக்கின் கீழ் கிடக்கிறது.

நான் நிலை அறிக்கை எழுதுகிறவள்.
கீறல், துரு, மங்கல், மாற்றிய திருகு:
பிறர் பொருளின் குறையை எண்ணிச் சம்பளம்.
கல்யாணத் தரகருக்கு நேர் எதிர்த் தொழில்
என்பாள் அக்கா.

முட்கள் இரண்டு.
கறுப்பு இப்போதைய ஆழம் சொல்லும்.
சிவப்பு, கறுப்பு தள்ளத் தள்ளப் போகும்;
கறுப்பு திரும்பினாலும் அது திரும்பாது.
நிற்கிறது, ஐம்பத்து நான்கில்.

அந்த எண்ணுக்காகத்தான் இத்தனை கூட்டம்.
'கடைசியாய் இறங்கியவன் விட்டுவந்த ஆழம்'
என்று அட்டவணையில் எழுதினான் கிரேம்.
ஆளாளுக்கு அதில் ஓர் இருட்டைக் கண்டார்கள்.

விற்க வந்தவள் ஷெர்லி ட்ரெகென்ஸா.
ரசீதில் கையெழுத்திட்டபடியே சொன்னாள்:
அண்ணன் சிங்கி இறாலுக்கு இறங்குவான்,
பதினெட்டு மீட்டருக்குக் கீழே
அவனுக்கு வேலை இல்லை.
முதல் நாளே கண்ணாடிக்குள் பனி படர்ந்ததாம்,
சனியன் என்று கொட்டகையில் எறிந்தானாம்.
பிறகொரு மழை ஞாயிறு. இவளுக்கு ஒன்பது வயது.
பெயின்ட் அடிக்கும் அழுத்தப் பானைக்குள் இதை வைத்து
மூடியை இறுக்கி, கம்ப்ரஸரைத் திறந்து,
குழாய் விம்மும்வரை நின்றிருக்கிறாள்.
"கொட்டகைக்கு எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன்."

அறிக்கையில் எழுதினேன். கிரேம் அடித்தான்.
மறுபடி எழுதினேன்.
'முன்வரலாறு உறுதியாகவில்லை' என்று ஆக்கினான்.

ஏலத்தன்று மூன்று மணிக்கு
ஊரார் டாக்டர் என்று அழைக்கும் கடற்காற்று
வந்து கதவைத் தட்டியது. யாரும் திரும்பவில்லை.
ஒருவரை ஒருவர் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அட்டையைத் தூக்குவதும்
மூக்கைச் சொறிவதுபோல் இறக்குவதுமாக.

என் காதில் போன். பெயரில்லாத குரல்,
எண் மட்டும்: அறுபத்தேழு.
முப்பத்தெட்டாயிரம் என்றேன் தாழ்வாக.
பிறகு, ஏனென்று தெரியவில்லை,
ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனைக்
கரையில் நின்று பார்க்க மனம் வரவில்லை போலும்,
கொட்டகையைச் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் ஒன்றுமில்லை. மூச்சுக்கூட.
ஏலக்காரர் என்னையே பார்க்கிறார்,
சுத்தியல் காற்றில்.
"எத்தனை வயது அவளுக்கு?"
ஒன்பது.
"நாற்பத்திரண்டு என்று சொல்லுங்கள்."

கடைசி வரிசையில் ஷெர்லி
புதினா மிட்டாய் உரித்துக்கொண்டிருந்தாள்.
விற்றது தன் பொருள் என்பதே தெரியாதவள்போல்
அடுத்து வந்த கப்பல் மணியை எட்டிப் பார்த்தாள்.

பொதியும்போது புரட்டினேன்.
பின்புறம் நடுவில் ஒரு திருகு, காசு நுழையும் பிளவு.
கால் சுற்று போதும், சிவப்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும்.
சட்டைப்பையில் இருபது சென்ட் இருந்தது.
அதன் விளிம்பை விரலால் தேய்த்தேன்,
அவ்வளவுதான்.

பெட்டிமேல் விமான முத்திரை குத்தினேன்.
மேலே போகப் போகக் காற்று மெலியும்.
கறுப்பு முள் பூஜ்யத்துக்கும் பின்னால் போகப் பார்க்கும்,
ஒரு சிறு பித்தளை முளை தடுத்துவிடும்.
சிவப்பு அசையாது.

அந்தக் கொட்டகை இன்னும் இருக்கிறதா என்று
ஷெர்லியிடம் கேட்க மறந்துபோனேன்.