ஒரு பல்

மூன்று கோடுகளும் நேரே நிற்கவேண்டும்.
கிராங்கில் ஒன்று, காமில் ஒன்று,
டீசல் பம்பின் சில்லில் ஒன்று.
மூன்றுக்கும் எதிரே எஞ்சினின் உடம்பில்
ஜப்பான்காரன் வெட்டிவைத்த கீறல்கள்.
கண்ணுக்குக் கண் பார்த்தபிறகுதான்
பழைய பெல்ற்றில் கை வைக்கலாம்.

சனிக்கிழமை.
எட்டரைக்கே கராஜின் தகரம் கொதிக்கிறது.
குருநகர் றெஜினோல்டின் டொல்பின் வான்
றேடியேற்றரை இழந்து மூஞ்சி திறந்து நிற்கிறது.
பெல்ற்றுக்கு இன்னும் தவணை இருக்கிறது,
சீலால் எண்ணெய் கசிந்து நனைந்துவிட்டது.
கான்வென்ற் பிள்ளைகளை ஏற்றுகிற வான்.
பின் சீற்றில் ஒரு தண்ணீர்ப் போத்தல்,
ஒற்றைச் சப்பாத்து,
பாதியில் நின்றுபோன ஏழாம் வாய்ப்பாடு.

நீளப் பிடி போட்டுக் கிராங்கைத் திருப்புகிறேன்.
டீசல் எஞ்சின் லேசில் அசையாது.
ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சை அடக்கி நின்று
மனமில்லாமல் விடும்.
கிராங்கின் கோடு வந்தது.
அதை மட்டும் நம்பக்கூடாது,
அது இரண்டு தரம் வந்தால்
காம் ஒரு தரம்தான் வரும்.
காமும் வந்தது.
பம்பின் கோடு மட்டும்
ஒரு பல் தள்ளி நிற்கிறது.

மறுபடி சுற்றினேன். அதே பல்.

சீலையால் கிறீஸைத் துடைத்தேன்.
கீறலுக்கு நேரே வெள்ளை ரிப்பெக்ஸ்:
ஒரு கோடு, அதன் தலையில் ஒரு குற்று.
எவனடா பம்பை மெய்யெழுத்தாக்கியவன்,
உயிர் இல்லாமல்தானே ஓடியிருக்கும் என்று
சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது.
கொக்குவிலில் கோட்டுக்குக் குற்று வைக்கிறவன்
நான் ஒருவன்தான்.

நாலு வருசத்துக்கு முந்திய அந்த நாளைத்
தேடிப் பார்த்தேன்.
கறன்ற் நின்றிருக்கலாம். காய்ச்சல் இருந்திருக்கலாம்.
யாரும் செத்த வீட்டுக்கு அவசரப்பட்டிருக்கலாம்.
ஒன்றும் இல்லை.
சும்மா ஒரு நாள்.
மத்தியானம் சோறு தின்றிருப்பேன்.

நாலு வருசம் விடிய ஆறு மணிக்கு
அவன் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை.
முன்வீட்டுக்காரி காயப்போட்ட உடுப்புகளை
அள்ளிக்கொண்டு ஓடுவாளாம்.
அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்,
"அது வாகனத்தின்ரை குணம் அண்ணை."
டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறாய் என்று
செற்காரனின் சேட்டைப் பிடித்திருக்கிறான்.
அந்தச் செற்காரன்
ஒரு குற்றமும் அறியாதவன்.

பம்பை ஒரு பல் முன்னுக்குத் தள்ளினேன்.
புது பெல்ற். ரென்சனரைத் தளர்த்தி, இறுக்கி,
கையால் இரண்டு சுற்று.
மூன்றும் நின்றன.
இன்னும் இரண்டு. நின்றன.
தேவையில்லை, ஆனாலும் இன்னும் இரண்டு.

முதல் இழுவையிலேயே பிடித்தது.
புகை இல்லை.
றெஜினோல்ட் காதைச் சரித்தான்.
"என்னண்ணை கடகடக்குது?"
"இதுதான் சரியான சத்தம்."
"முந்தி மெத்தெண்டு கிடந்தது.
பழையபடி வைக்க ஏலாதோ?"

எஞ்சினை நிறுத்தினேன்.
இந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டு
சொன்னேன் என்று இருந்துவிடலாம்,
அதனால் நிறுத்தினேன்.
"கூலி வேண்டாம். பெல்ற் காசைத் தாரும்."
"ஏன்?"
கவரை இன்னும் பூட்டவில்லை.
லைற்றைப் பிடித்துக் காட்டினேன்.
"உதென்ன, குற்று?"
"என்ரை கையெழுத்து."

கொஞ்ச நேரம் சில்லையே பார்த்தான்.
பிறகு பின் சீற்றில் கிடந்த தாளை எடுத்து
ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே
கணக்குப் போடத் தொடங்கினான்.
"ஒரு நாளைக்கு அரை லீற்றர்
கூடக் குடிச்சதெண்டு வைப்பம்.
நாலு வருசம்..."

"பள்ளிக்கூட லீவைக் கழியும்" என்றேன்.