கொக்கி

வடக்கு ஜன்னலின் கொக்கி
ஐப்பசியில் கழன்றது.
ஒரு திருகாணி, அவ்வளவுதான்.
என்னால் முடியும்.

மோட்டார் ஏர் பிடித்தபோது
ஃபுட் வால்வைக் கழற்றி
உள்ளே சிக்கிய சிப்பித் தூளைத் துடைத்து மாட்டியவள் நான்.
குடிநீர் லாரி வராத பதினொரு நாளும்
ஆறு குடம் ஏற்றிய தள்ளுவண்டியோடு
நாகாச்சி வரை போய் வந்தேன்.
அதன் பஞ்சரையும் நானே ஒட்டினேன்.
பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று
ஞாயிறுதோறும் உங்கள் பைக்கை உதைக்கிறேன்.
முதல் மாதம் அது திருப்பி உதைத்த தழும்பு
வலது கணுக்காலில் இருக்கிறது.
வீடியோ காலில் கணுக்கால் வராது.

இப்போது அதே பைக்கில்தான்
ராமநாதபுரம் கேன்டீனுக்குப் போகிறேன்.
என் அட்டையில் நம் ஊரின் பெயரை
எந்தக் குமாஸ்தாவோ
'என்மன் கோண்டா' என்று அடித்து வைத்திருக்கிறான்.
திருத்தச் சொல்லி மூன்றாவது மனு.
என்மனங்கொண்டான் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
"இப்படியும் ஒரு ஊரா?" என்றார் கவுண்டர்க்காரர்.
ஊர் இருக்கிறது சார்,
ஆள்தான் அங்கே இல்லை
என்று வாய்வரை வந்தது.
நான்கு சோப்பும் ஒரு குக்கரும் வாங்கித் திரும்பினேன்.

அரியமான் கரையில் பெல்சியா
கணவாயை எடை போட்டபடி சொன்னாள்:
"எம் புருசன் போனா மறுநா வெள்ளன வருவான்,
இல்லாட்டி யாழ்ப்பாணத்து ஜெயில்ல இருப்பான்.
ஒனக்கென்னடி, சர்க்காரு தேதி போட்டு அனுப்புது."
தேதி மூன்று முறை மாறியதை நான் சொல்லவில்லை.
அவள் தராசுத் தட்டில்
இரண்டு கணவாய் கூடுதலாக விழுந்தது.

நம்புஸ்ரீயின் உயரத்தை
சுவரில் பென்சிலால் குறிக்கிறேன்.
போன வாரம் பக்கத்திலேயே
உங்களுக்கும் ஒரு கோடு போட்டாள்.
என் இடுப்புக்குக் கீழே.
"அப்பா இவ்ளோதான்" என்றாள்.
கைப்பேசியை நிறுத்தி வைக்கும் ஸ்டூலின் உயரம் அது.
அழிக்கவில்லை. நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி லீவில் வந்தீர்களே,
மூன்றாம் நாள் காலையில்
டூல்ஸ் பெட்டியைத் திறந்தீர்கள்.
மிக்சி ஓடியது. கேட் கிறீச்சிடவில்லை.
ஒரு குழாயும் சொட்டவில்லை.
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துவிட்டு
பெட்டியை மூடினீர்கள்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
அப்புறம் அடுப்படியில் நின்று
"சக்கர டப்பா எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள்.
பெண் பார்க்க வந்த அன்று
தண்ணீர் கேட்ட அதே குரலில்.

அதனால்தான் இந்தக் கொக்கி.

நேற்று பாம்பனில் மூன்றாம் எண் ஏற்றியிருந்தார்கள்.
வாடை ராத்திரியெல்லாம் கருவேலங்காட்டை அலசியது.
ஜன்னல் அடித்தது, நின்றது,
தூக்கம் வரும்வரை காத்திருந்து மறுபடி அடித்தது.
நம்புஸ்ரீ எழுந்து உட்கார்ந்தாள்.
"ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரவாம்மா?"
வேண்டாம், அது அப்பாவோட வேலை என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்பாவுக்குத் தெரியுமா, மாட்ட?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.
அங்கே பனியில் நீங்கள்
எதைத் திருகிக்கொண்டிருந்தீர்களோ
அந்த நேரத்தில்.

பழைய பூட்ஸின் கயிற்றை உருவி
ஜன்னலைக் கம்பியோடு கட்டினேன்.
இரண்டு முடிச்சு,
அவிழ்க்க வசதியாக.
விடிந்தபோது தரையெல்லாம் தண்ணீர்.
துடைத்தாயிற்று.

திருகாணி பத்திரமாக இருக்கிறது,
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.
டப்பா எங்கே என்று
இந்த முறை கேட்கக் கூடாது.
இரண்டாம் தட்டு,
இடது கைப் பக்கம்.