பன்னிரண்டரை நடை

எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன்:
"எக்ஸ்னா யாரு டீச்சர்?"
வகுப்பு சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, ஒத்தக்கடைப் பள்ளியில்
ஓடுகிற ஐந்து கம்ப்யூட்டரில் ஒன்றின் முன்னால்
ஒரு கீபோர்டுக்கு மூன்று பேராய் இடித்து உட்கார்ந்து
எண்பது பெருக்கல் எக்ஸ் கழித்தல் முந்நூற்றைம்பது
என்று தட்டினோம். ரஹ்மத் என்டரை அழுத்தினாள்.
சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது.
எஸ்தர் டீச்சர் குனிந்து படித்தார்:
"எக்ஸுனு யாரையும் எனக்குத் தெரியாதுங்குது."

அப்பாடா.
என்னைப் போல் ஒரு மக்கு.
அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.
சொன்னால் தெரிந்துகொள்கிறேன் என்பது மாதிரி
ஒரு சின்னக் கோடு மினுக்கி மினுக்கிக் காத்திருந்தது.

எக்ஸை அழித்துவிட்டு "நடை" என்று எழுதினேன்.
தமிழிலேயே வாங்கிக்கொண்டது.

அப்பாவின் ஷேர் ஆட்டோ
மாட்டுத்தாவணியில் ஏற்றி ஒத்தக்கடையில் இறக்கி
மறுபடி அங்கே போய் நின்றால் ஒரு நடை.
கேஸ் போக எண்பது ரூபாய்.
வண்டி வாடகை முந்நூற்றைம்பது.
வெள்ளிக்கிழமை குழுத் தவணைக்கு
அம்மா கையில் அறுநூற்றைம்பது நிற்க வேண்டும்.
எத்தனை நடை?

ஒன்றிலிருந்து நூறு வரை போட்டுப் பார்,
சரியாய் வந்தால் சொல் என்றோம்.
கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது.
எதுவும் சொல்லவில்லை.
ஆயிரம் வரைக்கும் ஓட்டினோம். அப்போதும் வாய் திறக்கவில்லை.
"கெட்டுப்போச்சுடி" என்று
டப்பாவை ஒரு தட்டு தட்டினாள் நாகஜோதி.
"போட்டதையெல்லாம் காட்டச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

பன்னிரண்டுக்கு அறுநூற்றுப் பத்து.
பதின்மூன்றுக்கு அறுநூற்றுத் தொண்ணூறு.
நடுவில் எங்கேயோ இருக்கிறது,
நாங்கள் தேடச் சொல்லாத இடத்தில்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
முந்நூற்றைம்பதை அந்தப் பக்கம் தூக்கி வைத்தேன்.
கழித்தல் கூட்டலானது.
எதற்கென்று முதல் தடவையாகத் தெரிந்தது:
வாடகை கொடுக்கும் முன்னால்
அப்பா சட்டைப்பையில் கனத்த பணம் அது.
ஆயிரம். வகுக்க எண்பது.
பன்னிரண்டரை.

"அரை நடை ஏதுடி?" என்றாள் ரஹ்மத்.

எனக்குத் தெரியும்.
ராத்திரி பத்தரைக்கு மேல்
யானைமலை இருட்டோரம்
கடைசி ஆளை இறக்கிவிட்டு
மாட்டுத்தாவணிக்குத் திரும்பாமல்
ஹாரன் அடிக்காமல் எங்கள் சந்துக்குள் நுழையும்.
அது அரை.