பழுது எதுவும் இல்லை

கொதிகலன் வேலை செய்யவில்லை என்று
ஒரே வாரத்தில் மூன்றாம் முறை அழைத்துவிட்டாள் ஓர்சோலா.
ஜனவரி. மொன்ஃபோர்த்தே மலைச்சரிவு. மாலை ஐந்து மணி.
மூடுபனியில் திராட்சைத் தோட்டங்கள்
யாரோ எழுதி அடித்துவிட்ட வரிகளாய்க் கிடந்தன.

கதவைத் திறந்தவள்
வீட்டுக்குள்ளேயே கோட் போட்டிருந்தாள்.
மூச்சு இன்னும் புகையாகவில்லை,
ஆகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சுடர் நீலம். அழுத்தம் சரி. பம்பு சரி.
ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன்,
காற்றடைப்பு இல்லை.
கடைசியில் கூடத்துச் சுவரில்
உரக்கடை நாட்காட்டிக்குப் பின்னால்
ஒளிந்திருந்தது தெர்மோஸ்டாட்.
பதினாறு.

"அவர் வேலைதான்."
சமையலறைப் பக்கம் தாடையை நீட்டினாள்.
"நான் இருபத்திரண்டு வைப்பேன்.
போகிற போக்கில் இறக்கிவிட்டுப் போவார்.
ஆறு டிகிரிக்கு ஒன்பது வருஷச் சண்டை."

எவாசியோ மறுக்கவில்லை.
தலையில் கம்பளித் தொப்பி, முன்னால் திறந்த பாட்டில்.
"அறை வெப்பத்தில் பரிமாறு என்கிறார்களே,
எந்த அறை? யார் வீட்டு அறை?
முதலில் அதைச் சொன்னவன் வீட்டில்
சுவர் கல்லாக இருந்திருக்கும்,
எரிந்தது ஒற்றை அடுப்பாக இருந்திருக்கும்.
இப்போது ரொட்டி மாவு பொங்குகிற சூட்டில் உட்கார்ந்துகொண்டு
ஒயினைக் குறை சொல்கிறார்கள்."
எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.
வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றேன்.
"இது குடி இல்லை, சோதனை."

அடுப்பருகே வைத்திருந்த கோப்பை:
மூக்கை வைத்ததும் முதலில் வந்தது மருந்துக்கடை,
பழமெல்லாம் வெந்து ஜாமாகியிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தது:
வெறும் துவர்ப்பு. ஈறைக் கவ்விக்கொண்டு
வேறொன்றும் சொல்ல மறுத்தது.
மேசைமேல் சும்மா இருந்த மூன்றாவதுக்கு
என்னிடம் வார்த்தை இல்லை, நான் குழாய்க்காரன்.
புதிதாகப் போட்ட சாலையின் தார்,
அந்தத் தாருக்குள் எங்கோ காய்ந்த ஒரு ரோஜா.
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குழாயில் மாட்டும் வெப்பமானியை
பாட்டிலின் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன்.
பதினாறரை.
"எழுது," என்றார் எவாசியோ, "ரசீதில் எழுது."

அதற்குள் ஓர்சோலாவும் ஒரு கோப்பை எடுத்திருந்தாள்,
இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி,
குளிருக்குப் புறாவைப் பிடிப்பவள்போல.
"காம்பைப் பிடி! வயிற்றைப் பிடிக்காதே, சூடேறிவிடும்."
"கை விறைக்கிறது, எவாசியோ."
கோபமாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கைபோல் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கடிகாரம் மட்டும் பேசியது.
பிறகு அவர் கை நீட்டி
அவள் கோப்பையை வாங்கினார்.
ஒரு மிடறு.
வாயிலேயே வைத்திருந்தார், நெடுநேரம்.
இன்னொரு மிடறு.
என் வெப்பமானியைப் பார்த்தார்,
நான் அதைப் பையில் போட்டுவிட்டேன்.

எழுந்து கூடத்துக்குப் போனார்.
நாட்காட்டியின் தாள் சரசரத்தது.
திரும்பி வந்து உட்கார்ந்தார்.
எவ்வளவு வைத்தார் என்று
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
சற்று நேரத்தில் ரேடியேட்டர் ஒன்று
முதுகு சொடுக்கெடுத்தது.

ரசீதில் எழுதினேன்:
பழுது எதுவும் இல்லை. வந்துபோன கட்டணம் நாற்பது யூரோ.
முப்பதும், கால்வாசி குறைந்த அந்தப் பாட்டிலும் தந்தார்கள்.

ஆல்பாவில் என் வீடு நான்காவது மாடி.
கட்டடம் முழுக்க ஒரே கொதிகலன்,
என் அறை எப்போதும் இருபத்துநான்கு.
கூட்டவோ குறைக்கவோ திருகும் இல்லை,
திருகுக்குச் சண்டை போட ஆளும் இல்லை.
வண்டியின் ஹீட்டரும் சேர்ந்துகொண்டதில்
பாட்டில் வெதுவெதுத்துப் போயிருந்தது.
ஊற்றினால் மருந்துக்கடை.

பால்கனியில் கொண்டுபோய் வைத்தேன்.
இருபது நிமிடம், என்றிருந்தார் எவாசியோ,
இருபத்தைந்தானால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.
வெப்பமானி வண்டியிலேயே இருந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு நானும் வெளியே நின்றேன்,
அவ்வப்போது அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபடி.