நான்கு சுழியங்கள்

ஔலு நகரில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
என் திரையில் யாருடைய சௌனா அடுப்போ
எண்பது டிகிரியில் எரிகிறது.

யாருடையது என்று தெரியக் கூடாது, அதுதான் ஒப்பந்தம்.
எண்ணலாம், எழுதலாம், தொடக் கூடாது.
நெறிக்குழுவில் மூன்று கையெழுத்து,
நான்காவது என்னுடையது:
கைசு தெர்வோனென், முதுநிலை ஆய்வாளர்.

இணையத்தில் திறந்து கிடந்த அடுப்புகள்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, நான்கு சுழியங்கள்.
விற்றவர் வைத்தது, வாங்கியவர் மாற்றாதது.
வியர்க்கப் போகிற அறைக்குப் பூட்டு எதற்கு?

அதில் 1704-க்கு மட்டும் ஒரு பழக்கம்.
சனிக்கிழமை ஆறு மணிக்குப் பற்றும், ஏழே காலுக்கு அணையும்.
அக்டோபரிலிருந்து பிசகியதில்லை.
வரைபடத்தில் வாரம் ஒரு சிறு குன்று.
கட்டுரையில் ‘வழக்கமான பயன்பாடு’ என்று எழுதியிருந்தேன்.

இன்று குன்று இறங்கவில்லை.
எட்டு. ஒன்பது.
பத்தரைக்குக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.
நான்கு மணி நேரத்தில் தானே அணையும் என்கிறது கையேடு.
கையேட்டை நம்பியா இந்த வேலைக்கு வந்தேன்?

அவசர எண்ணை அழைத்தேன். முகவரி கேட்டார்கள்.
முகவரியே இல்லாததுதான் என் ஆய்வின் பெருமை.
ஆயிரத்து எழுநூற்று நான்கு என்றேன்.
எதிர்முனையில் ஒரு பெண்
பொறுமையாக மறுபடி கேட்டாள்:
எந்தத் தெரு?

பதினொன்று நாற்பது.
சுழியம், சுழியம், சுழியம்.
கடைசிச் சுழியத்தின் மேல் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு நிற்கவில்லை.

எண்பது. எழுபத்தெட்டு. எழுபத்தொன்று.
முன்பின் தெரியாத வீட்டில் கற்கள் ஆறுவதை
நகரின் இந்தக் கோடியில் உட்கார்ந்து பார்த்தேன்.
பதிவேட்டில் அதற்குரிய பத்திக்குத் தலைப்பு ‘விதிமீறல்’.
எழுதினேன். மணியும் போட்டேன்.

திங்களன்று குழுத் தலைவர் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
புதனன்று அடுப்புக் கம்பெனி பதில் எழுதியது:
‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.’
மூன்றாவது முறையாக அதே வரி.

சனிக்கிழமை ஆறு மணி.
பார்க்க எனக்கு இனி அனுமதி இல்லை.
பார்த்தேன்.

ஆறு ஐந்து, ஒன்றுமில்லை. ஆறு பத்து.
ஆறு இருபத்திரண்டுக்குப்
பதினேழு, பத்தொன்பது, முப்பத்தொன்று.

அன்றைக்கு அடுப்பு கெட்டுவிட்டதென்று
யாரையாவது திட்டியிருப்பார்கள்.
திட்டட்டும்.

நாற்பத்தாறு. ஐம்பது.
சாவி இன்னும் நான்கு சுழியங்கள்.